மகப்பேறு விடுப்பு முடியப்போகிறது: குழந்தையை யாரிடம் விடுவது?

மகப்பேறு விடுப்பு பன்னிரண்டாவது வாரத்தைத் தாண்டியதும், சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த இளம் தாய்மார் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "அக்கா, இன்ஃபன்ட் கேர்ல போடவா? ஊர்லேருந்து அம்மாவ வரச் சொல்லவா? இல்ல மெய்டு எடுத்துடவா?" இன்ஃபன்ட் கேர் என்றால் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சிசுப் பராமரிப்பு நிலையம், மெய்டு என்றால் இல்லப் பணிப்பெண். போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். செங்காங்கில் இருக்கும் ஒருத்தி கட்டணம், மானியம், வீட்டிலிருந்து தூரம் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதியே வைத்திருந்தாள். அத்தனையும் சரியான கணக்கு. ஒரு கட்டம் மட்டும் விடுபட்டிருந்தது. "காய்ச்சல் வந்தால் யார் போவது?" என்று அதற்குத் தலைப்பு போடச் சொன்னேன்.

அந்தக் கட்டம் எனக்கு அனுபவத்தில்தான் கிடைத்தது. மூத்தவளை ஐந்தாம் மாதத்தில் எங்கள் புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளியிருந்த நிலையத்தில் சேர்த்தோம். நான்காம் நாள் பதினொன்றேகால் மணிக்குக் கைப்பேசி அடித்தது. "மம்மி, டெம்பரேச்சர் 38.1. வந்து கூட்டிட்டுப் போகணும்." நான் ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்தேன், கணவர் தீவின் மேற்குக் கோடியில், துவாஸில். வடகிழக்கு ரயில் பாதையில் ஏறி நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் ஆசிரியையின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், நெற்றியில் குளிர்ப்பட்டை. அந்த ஆசிரியை மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் அப்படி ஒரு நாள் வரும் என்று முன்னரே யோசிக்காதது எங்கள் தவறு. முதல் மூன்று மாதத்தில் பதினொரு நாள் அவள் வீட்டில் இருந்தாள்.

எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். முதலில் காய்ச்சல் நாள். குழந்தைக்கு முடியாத நாளிலும் அந்த ஏற்பாடு தொடருமா, நீங்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்குமா? இரண்டாவது, மானியம் போகக் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகிறது. மூன்றாவது, 18 மாதத்துக்குப் பிறகு என்ன என்பது. நான்காவது மொழி: பகல் முழுவதும் குழந்தையின் காதில் தமிழ் விழுமா? ஐந்தாவது, உங்கள் வேலை நேரம்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலர் பள்ளி மானியம் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தைக்குத்தான். நிரந்தரவாசக் குழந்தை என்றால் கீழே வரும் நிலையக் கணக்கில் மானியத்தை அடித்துவிட்டுப் படியுங்கள். முடிவே மாறலாம்.

சிசுப் பராமரிப்பு நிலையம்

இரண்டு மாதத்திலிருந்து 18 மாதம் வரை சிசுப் பராமரிப்பு. அதற்கு மேல் ஏழு வயதுக்குள் குழந்தைப் பராமரிப்பு. இந்த நிலையங்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிப்பது 2013இல் அமைந்த பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு. சிசுப் பிரிவில் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. திங்கள் முதல் வெள்ளி வரை பொதுவாகக் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை திறந்திருக்கும். பல இடங்களில் சனிக்கிழமை அரை நாள்.

செலவைப் பார்ப்போம். அரசாங்க ஆதரவு பெறும் ஐந்து பெரிய நடத்துநர்கள் இருக்கிறார்கள், ஆங்கர் ஆப்பரேட்டர் என்பார்கள்: பிசிஎஃப் ஸ்பார்க்கிள்டாட்ஸ், என்டியுசியின் மை ஃபர்ஸ்ட் ஸ்கூல், ஈ-பிரிட்ஜ், ஸ்கூல்ஃபோர்கிட்ஸ், எம்.ஒய் வேர்ல்டு. இவர்கள் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. முழுநாள் சிசுப் பராமரிப்புக்கு ஜிஎஸ்டியோடு 1,300 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 56 மணி நேரமாவது வேலை செய்யும் தாய்க்கு அடிப்படை மானியம் 600 வெள்ளி. மீதி 700. குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 12,000 வெள்ளிக்கு மிகாவிட்டால், வருமானத்தைப் பொறுத்து 710 வெள்ளி வரை கூடுதல் மானியமும் உண்டு. வருமானம் குறைந்த வீட்டில் கையிலிருந்து போவது மிகச் சிறிய தொகைதான். பலர் இதை விசாரிக்காமலேயே "இன்ஃபன்ட் கேர் நமக்குக் கட்டாது" என்று விட்டுவிடுகிறார்கள், அதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

18 மாதம் ஆனதும் கட்டணம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆங்கர் நிலையங்களில் முழுநாள் குழந்தைப் பராமரிப்புக்கு 2026இல் உச்சவரம்பு, ஜிஎஸ்டி இல்லாமல், 610 வெள்ளி. 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 665. அடிப்படை மானியம் 300 போக 365 வெள்ளி. ஆக, சிரமமான காலம் ஓராண்டுக்குச் சற்று மேல்தான். குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் அரசாங்கம் போடும் 5,000 வெள்ளி முதல்படி மானியத்தை இந்தக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். 700 வெள்ளி வீதம் ஏழு மாதம் ஓடும். நீங்கள் அந்தக் கணக்கில் போடும் பணத்துக்கு ஈடாக அரசாங்கமும் போடும். முதல் குழந்தைக்கு 4,000 வெள்ளி வரை. நாங்கள் அதைத் தொடாமல் "பின்னால் உதவும்" என்று வைத்திருந்துவிட்டு, ரொக்கத்துக்குத் திண்டாடினோம். அப்படிச் செய்யாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கே காய்ச்சல்தான். காலையில் வாசலிலேயே வெப்பநிலை பார்ப்பார்கள், கையையும் வாயையும் பார்ப்பார்கள். கை, கால், வாய்ப்புண் நோய் என்று தெரிந்தால் கொப்புளம் காய்ந்து மருத்துவர் கொடுத்த விடுப்பு முடியும் வரை உள்ளே விடமாட்டார்கள். அது சரியான விதி. மற்ற நான்கு குழந்தைகளும் நம் குழந்தை மாதிரித்தானே. ஆனால் அந்த ஒரு வாரம் உங்கள் விடுப்பிலிருந்து போகும். குடியுரிமை உள்ள குழந்தைக்கு ஏழு வயது ஆகும்வரை தாய்க்கும் தந்தைக்கும் ஆண்டுக்குத் தலா ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. இரண்டு வயதுக்குள் தலா 12 நாள் சம்பளமில்லா விடுப்பும் 2024இலிருந்து இருக்கிறது. கணவருடைய ஆறு நாளையும் கணக்கில் சேருங்கள். பல வீடுகளில் தாயின் விடுப்பு மார்ச்சிலேயே தீர்ந்துவிடும். தந்தையுடையது டிசம்பரில் காலாவதியாகும்.

மொழியில் நிலையம் நமக்குப் பலவீனம்தான். பல இடங்களில் தாய்மொழி என்றால் சீனம் மட்டுமே. தமிழாசிரியர் இருக்கிறாரா, எந்த வயதிலிருந்து வகுப்பு, ஆள் குறைந்தால் நிறுத்திவிடுவார்களா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் மூன்று தாய்மொழியும் உண்டு. ஆனால் அங்கே தொடக்கப்பள்ளிக்கு முந்தைய இரண்டாண்டு வகுப்புகளான கே1, கே2 மட்டும்தான், கைக்குழந்தைக்கு அது இப்போது உதவாது.

நிலையத்தின் பெரிய பலம், 18 மாதத்துக்குப் பின் அதே இடத்தில் தொடரலாம் என்பது. பொங்கோல், தெங்கா போன்ற இளம் குடும்பங்கள் நிறைந்த பேட்டைகளில் இடம் கிடைப்பது எளிதல்ல. சிசுப் பிரிவில் இருந்த குழந்தைக்கு அந்தக் கவலை குறைவு.

பாட்டி, தாத்தா

காய்ச்சல் நாளில் இதற்கு ஈடு எதுவுமில்லை. பாட்டி வீட்டில் இருந்தால் 38.1 என்பது ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். மொழிக்கும் இதுதான் முதலிடம். என் இளையவன் எட்டு மாதம் மாமியார் மடியில் வளர்ந்தவன். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டி, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பேச்சுப் பேசி வளர்த்தார். அவன் முதலில் சொன்ன சொல் "காக்கா". மூத்தவள் முதலில் சொன்னது "மோர்", நிலையத்தில் இன்னும் வேண்டும் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த ஆங்கிலச் சொல். இரண்டையும் கேட்டு மகிழ்ந்தேன். ஆனாலும் வித்தியாசம் மனதில் நிற்கிறது.

சிங்கப்பூரிலேயே இருக்கும் பெற்றோர் என்றால் வேலைக்குப் போகும் தாய்க்குப் பாட்டி, தாத்தா பராமரிப்பு வரிக்கழிவு 3,000 வெள்ளி உண்டு. ஊரிலிருந்து வருபவர்கள் என்றால் கதை வேறு. வருகை அனுமதியை நீட்டித்தாலும் மூன்று மாதத்தை ஒட்டி முடிந்துவிடும். அம்மா மூன்று மாதம், அத்தை மூன்று மாதம் என்று முறை வைத்து ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நடுவில் ஒருவருக்கு விமானச் சீட்டோ உடம்போ சரிப்படாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர்கள் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்க மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது வேண்டும். இங்கே வந்து அவர்களுக்கு நோய் வந்தால் மானியமில்லாத மருத்துவக் கட்டணம். பயணக் காப்புறுதி எடுக்காமல் அழைக்காதீர்கள்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவைப் பாட்டிகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பத்து மாதத்தில் ஒன்பது கிலோ குழந்தையை நாளெல்லாம் தூக்கி இறக்கும் முழங்கால் அவர்களுடையது. மாமியார் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஐந்து மாதம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. "புள்ளைய விட்டுட்டு எப்புடிம்மா போறது?" என்றார். அன்றைக்குத்தான் கணவர் செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டார். பாட்டியிடம் விடுவதென்றால் வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு ஓய்வு என்று முதலிலேயே பேசி முடிவெடுங்கள். மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்பார்கள், கொடுங்கள்.

இல்லப் பணிப்பெண்

குடியுரிமை உள்ள 16 வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. அனுபவத்தையும் நாட்டையும் பொறுத்துச் சம்பளம் 600இலிருந்து 900 வரை போகும். சாப்பாடு, காப்புறுதி, ஆறு மாதத்துக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்தால் என் கணக்கில் மாதம் 1,100க்குக் குறையாது. முகவர் கட்டணம் தனி. முன்பு தீர்வைக்குக் கிடைத்த வரிக்கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லை; இதைப் பழைய கணக்கிலேயே போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு.

வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள், கூடவே வயதான பெற்றோர் என்றால் இந்தச் செலவு எல்லாருக்கும் பகிர்ந்துபோகும். அப்போது இதுவே மலிவு. மாறும் வேலைநேரம் உள்ள தாதியர், விமானத்துறை ஊழியர் போன்றோருக்கு இதைத் தவிர வழி குறைவு. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தமிழ் பேசும் பெண்ணை அமர்த்துவோரும் இருக்கிறார்கள்.

ஆனால் கைக்குழந்தை ஒன்றை மட்டும் பார்க்க, பகலில் வேறு பெரியவர் யாருமில்லாத வீட்டில், புதிதாக வந்த ஒரு பெண்ணைத் தனியே விடுவதற்கு நான் உடன்படமாட்டேன். அவர் நல்லவரா இல்லையா என்பது அல்ல என் கவலை. வந்து இரண்டு வாரம்கூட ஆகாத, அடுப்பும் மின்தூக்கியும் புதிதான ஒருவருக்கு, வீறிட்டு அழும் நான்கு மாதக் குழந்தையின் முழுப் பொறுப்பு என்பது அவருக்குமே நியாயமில்லாத சுமை. ஓய்வுநாளும் அவர் உரிமை. வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. ஈடாகப் பணம் கொடுத்தாலும் மாதம் ஒரு நாளையாவது கண்டிப்பாக விட வேண்டும் என்பது 2023இலிருந்து சட்டம்.

வீட்டுமுறைக் குழந்தைப் பராமரிப்பாளர்

இது புதிது. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2024 இறுதியில் தொடங்கிய மூன்றாண்டு முன்னோட்டத் திட்டம். பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் தங்கள் வீட்டிலோ பொது இடத்திலோ 2 முதல் 18 மாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். மானியம் போகக் கட்டணம் ஏறக்குறைய 700 வெள்ளி, நிலையத்தை ஒட்டித்தான். குழந்தைகள் குறைவு என்பதால் தொற்றும் குறையும் என்று நம்பலாம். ஆனால் பராமரிப்பாளருக்கே உடம்பு முடியாவிட்டால் மாற்று யார் என்று நடத்துநரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 18 மாதம் முடிந்ததும் வேறிடம் தேட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

| | நிலையம் | பாட்டி, தாத்தா | பணிப்பெண் | வீட்டுமுறை |
|---|---|---|---|---|
| காய்ச்சல் நாள் | நீங்கள் போக வேண்டும் | ஏற்பாடு தொடரும் | தொடரும், ஆனால் முடிவெடுக்க ஆள் வேண்டும் | பெரும்பாலும் நீங்கள் |
| மாதம் கையிலிருந்து | சுமார் 700, வருமானம் குறைந்தால் இன்னும் குறைவு | நீங்கள் கொடுப்பது | சுமார் 1,100 முதல் | சுமார் 700 |
| 18 மாதத்துக்குப் பின் | அங்கேயே தொடரலாம் | இடம் தேட வேண்டும் | இடம் தேட வேண்டும் | இடம் தேட வேண்டும் |
| தமிழ் | அரிது | நிறைய | ஆளைப் பொறுத்து | ஆளைப் பொறுத்து |

தடுப்பூசிக்கு எங்கே போவது?

யாரிடம் விட்டாலும் இது உங்கள் வேலை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகளும், பிறந்ததிலிருந்து ஆறு வயது வரையிலான வளர்ச்சிச் சோதனைகளும் குடியுரிமை உள்ள குழந்தைக்குப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இலவசம். 2020 நவம்பரிலிருந்து சாஸ் என்ற அரசாங்க மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகங்களிலும் அப்படித்தான். பலர் இந்த இரண்டாவதைத் தெரியாமல் பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு கிடைக்கவில்லையே என்று காத்திருக்கிறார்கள்.

என் விருப்பம் இரண்டும் கலந்தது. வளர்ச்சிச் சோதனைக்குப் பலதுறை மருந்தகம். அங்கே தாதியர் எடையையும் தலைச் சுற்றளவையும் அளந்து, குப்புற விழுகிறானா, பார்வையால் பின்தொடர்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சுகாதாரப் புத்தகத்தில் எழுதுவார்கள். வயதுக்குரியதைச் செய்யவில்லை என்று பட்டால் அங்கிருந்தே கேகே மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அதில் தயங்காதீர்கள். ஆரம்பத்தில் தொடங்கும் சிகிச்சைக்கு இங்கே நல்ல ஏற்பாடு இருக்கிறது. சளி, இருமலுக்குப் புளோக்குக்குக் கீழே இருக்கும் குடும்ப மருத்துவர். அவருக்குக் குழந்தையைத் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். தனியார் குழந்தைநல மருத்துவரிடம் போனால் காத்திருப்பு குறைவு, செலவு அதிகம். குறைமாதப் பிள்ளை, தொடர் நோய் என்றால் அது பொருத்தம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவு.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம். அதனால் வெள்ளிக்கிழமை மாலையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். திங்களன்று போட்டால் செவ்வாயன்று நிலையம் உள்ளே விடாது.

யாருக்கு எது?

உள்ளூரிலேயே தெம்பான பாட்டி, தாத்தா இருந்தால் முதல் ஓராண்டு அவர்களிடம், பிறகு நிலையம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள். இருவருமே அலுவலகம் போகிறவர்கள், ஊரில்தான் பெற்றோர் என்றால் நிலையத்தையே அடித்தளமாக வையுங்கள். ஊரிலிருந்து வருபவரைச் சேர்த்த முதல் மூன்று மாதத்துக்கு அழையுங்கள். பெரும்பாலோர் பிள்ளை பிறந்த உடனே அழைத்துவிடுகிறார்கள். அப்போது நீங்களே விடுப்பில் வீட்டில் இருக்கிறீர்கள். காய்ச்சல் தொடங்கும் நேரத்தில் அவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். பிரசவ நேரத்தில் அம்மா பக்கத்தில் வேண்டும் என்ற ஏக்கம் எனக்குப் புரியும். இரண்டு முறை வர முடியாத வீட்டுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பு 2026 ஏப்ரலிலிருந்து பத்து வாரம். அதைக் கணவர் நிலையத்தில் சேர்க்கும் மாதத்தில் எடுத்தால் அந்தக் கடினமான காலத்தில் பாதி கடந்துவிடும்.

மூன்று பிள்ளைகள், ஷிஃப்ட் வேலை, வீட்டில் முதியவர் என்றால் பணிப்பெண். ஆனால் அவர் வந்து பழகும் மாதங்களில் நீங்களோ பெரியவர் ஒருவரோ உடன் இருக்கும்படி பாருங்கள்.

நிலையத்தில் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள். குழந்தையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்களின் பெயரை அதில் எழுத வேண்டும். பட்டியலில் இல்லாதவரிடம் பிள்ளையைக் கொடுக்கமாட்டார்கள். மூத்தவளுடைய படிவத்தில் முதல் வரியில் நான், இரண்டாவதில் கணவர். மூன்றாவது வரி ஐந்து மாதம் காலியாக இருந்தது. எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்கக் கூச்சப்பட்டோம். ஒருநாள் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அவரே கேட்டார், "அடிக்கடி ஓடி வர்றியே, என்னைக் கூப்பிட்டா என்ன?" என்று. மறுநாள் அவருடைய பெயரை எழுதிக் கொடுத்தோம். இளையவனுடைய படிவத்திலும் அந்த மூன்றாவது வரியில் அவர்தான் இருக்கிறார்.